கொள்ளிடமும் உல்ல மீனும்: அணைகளால் அருகிய ஒரு பருவ மீன்பிடி

1. முன்னுரை

ஆற்றுநீர் கடலிற் சென்று கலத்தல் யாவரும் அறிந்தது. கடலில் வாழும் மீன் ஆற்றின்வழி உள்நாடு புகுந்து, ஈன்று, மீண்டும் கடல் சேர்தல் அத்துணைப் பரவ அறியப்பட்டதன்று. கடற்கரை ஊர்களிற் பொதுத் துறைமேடைகளின்மேல் நின்று, மீன் கரைநோக்கி வரும் பருவம் அறிந்து வலையும் தூண்டிலும் இடுதல் உலகின் பல பகுதிகளில் உள்ள வழக்கம். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மண்ணச்சநல்லூர் முதலிய ஊர்களை நெறிப்பட நோக்குவார்க்கு இவ்வழக்கத்தோடு யாதொரு தொடர்பும் இருத்தல் இயலாதென்றே தோன்றும். ஆயினும், இவ்வூர்களைத் தழுவி ஓடும் கொள்ளிடத்தில் கடல்மீன் ஒன்று ஆண்டுதோறும் வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்தது. அதனை ஆற்றின் குறுக்கே எழுப்பிய அணையின் அடியில் மக்கள் பருவந்தோறும் பிடித்தனர். கடற்கரையில் துறைமேடை எவ்வாறோ, உள்நாட்டில் அணையும் அவ்வாறே மீனும் மாந்தரும் எதிர்ப்படும் இடமாயிற்று.

அம்மீன் உல்லம் எனப்படும். வங்கத்தார் இலிசு என்றும், ஆங்கில நூலார் இல்சா என்றும் வழங்குவது இதுவே. இம்மீன்பிடியின் வரலாற்றை ஆராயின், காவிரிப் பாசன வரலாற்றின் மறுபக்கம் ஒன்று புலனாகும். 1836-ஐ ஒட்டி எழுந்த அணைகள் நெல்லுக்குச் செய்த நன்மையை வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். அவ்வணைகள் மீனுக்கும் மீனை நம்பிய மக்களுக்கும் செய்தது யாது என்பதோ நம் வட்டார வரலாறுகளிற் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்புதல் இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆற்றின் அமைப்பு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்திற் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட அரங்கமே திருவரங்கம். கோயில் வழக்கிற் கொள்ளிடம் வடதிருக்காவிரி என்று போற்றப்பெறும். மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே கொள்ளிடம் என்னும் பெயர்க்குப் பொருந்தும் பொருளாகும். அதன் படுகை தென்கிளையினும் தாழ்ந்தும் அகன்றும் இருத்தலின், கட்டுப்பாடின்றி விடப்படின் நீர் அப்பக்கமே பெரிதும் பாயும்.

இவ்விரு கிளைகளும் செயலால் வேறுபட்டவை. தென்கிளை கல்லணையைக் கடந்து பற்பல ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து வயல்களிற் பரவி மெலிகின்றது. கடலை அடையுங்கால் அதன்கண் எஞ்சும் நீர் சிறிதே. கொள்ளிடமோ பிரியாது ஒரே ஆறாக ஓடிப் பழையாற்றின் அருகே வங்கக் கடலிற் கலக்கின்றது. ஆதலின், கடலிலிருந்து உள்நாட்டிற்கு வரும் மீனுக்குக் கொள்ளிடமே இயல்பான பெருவழியாயிற்று. மண்ணச்சநல்லூர் கொள்ளிடத்தின் வடபுறத்தே, பெருவளை வாய்க்கால் பாயும் நெல்வளம் மிக்க பகுதியில் அமைந்தது. அவ்வூரின் அரிசி ஆலைகள் தமிழகம் எங்கும் பெயர் பெற்றவை. நெல்லால் அறியப்படும் இவ்வூர், ஒருகாலத்தில் கடல்மீன் ஏறக்கூடிய ஆற்றின் கரைநாட்டில் உள்ளது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

3. மீனின் இயல்பு

உல்லம் வெள்ளிபோல் ஒளிரும் செதில்களும், ஆழ்ந்து தட்டையான உடலும், அடிவயிற்றில் அரம்போன்ற கூர்விளிம்பும் உடையது. கொழுப்பு மிக்கதாதலின் சுவையிற் சிறந்தது. நுண்முட்கள் மிகப் பல ஆதலின் உண்பார்க்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். இதனை நூன்முறையில் முதன்முதல் விளக்கியவர் பிரான்சிசு புக்கானன் ஆமில்டன். கங்கையாற்று மீன்களைப் பற்றிய அவரது நூல் 1822-இல் வெளிவந்தது.

இது தன் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கடலிலும் கழிமுகத்திலும் கழிக்கும். ஈனும் பருவத்தில் நன்னீரை நாடி ஆற்றில் ஏறும். பெண்மீன் ஒன்று பல இலக்கம் முட்டைகளை இடும். வெம்மையான நீரில் அவை ஏறத்தாழ ஒரு நாளளவிற் பொரிந்துவிடும். குஞ்சுகள் சில திங்கள் ஆற்றில் வளர்ந்து பின்னர்க் கடல் நோக்கி இறங்கும். இச்சுழற்சி முற்றுப்பெறுவதற்கு இரண்டு வேண்டும்: ஒன்று, கடல்வரை எட்டும் புதுவெள்ளம், மற்றொன்று, தடையற்ற வழி. இவ்விரண்டனுள் ஒன்று இல்லையாயினும் மீன் ஏறாது. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அற்ற வரலாறேயாகும்.

பருவம் குறித்தும் ஒன்று நோக்கத்தக்கது. காவிரியின் கழிமுக நாட்டில் மழை மிகுவது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில். ஆனால் ஆற்றிற் புதுவெள்ளம் வருவது ஆனி, ஆடித் திங்கள்களில். குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே அதற்குக் காரணம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கை மக்கள் ஆற்றங்கரையிற் கொண்டாடும் அக்காலமே உல்லம் கடலினின்று ஆற்றிற் புகும் காலம். புதுப்புனல் உழவர்க்கு விதைப்பின் குறியாயிற்று. மீனவர்க்கு வலையின் குறியாயிற்று. ஒரே வெள்ளம் இருதொழிலார்க்கும் நாள் குறித்தது.

பிடிக்கும் முறையும் மீனின் இயல்பைப் பின்பற்றியதே. உல்லம் நீரிலுள்ள நுண்ணுயிர்களைச் செவுள் அரிப்பினால் வடித்து உண்பது. ஆதலின் இரை கோத்த தூண்டிலை அது எளிதில் நாடாது. வலையே அதற்கு உரிய கருவி. இக்காரணத்தால் உல்ல மீன்பிடி தனியொருவன் பொழுதுபோக்காக அமையாது, வலையும் கூட்டுழைப்பும் உடைய தொழிலாகவே அமைந்தது எனல் பொருந்தும்.

4. பெயர் ஆராய்ச்சி

இம்மீனின் பெயர்கள் தனியாராய்ச்சிக்கு உரியன. பிரான்சிசு டே என்பார் தம் மீன்நூலில் இதன் தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் ‘உலும்’ என ஒலிக்குமாறு குறித்துள்ளார். ஆங்கில எழுத்து லகர ளகர வேறுபாட்டைக் காட்டாது. ஆதலின் உல்லம், உள்ளம் என்னும் இருவகை எழுத்தும் பிற்காலத்தில் இடம்பெற்றன. நெஞ்சினைக் குறிக்கும் உள்ளம் என்னும் சொல்லோடு மயங்காமைப்பொருட்டு உல்லம் என்னும் வடிவமே ஈண்டு மேற்கொள்ளப்படுகின்றது.

தெலுங்கு நாட்டார் கோதாவரியில் ஏறிவரும் இம்மீனைப் புலச என்பர். கடலில் உள்ளபோது அதற்கு வேறு பெயர் வழங்குவர். மீன் ஒன்றே ஆயினும், ஆற்றுநீர் குடித்தபின் அது வேறொரு பொருளாகக் கருதப்படுகின்றது. சிந்து நாட்டில் பல்லா என்றும், பருமாவில் ஙதலௌ என்றும் வழங்குப. சென்னையிலிருந்த ஐரோப்பியர் இதனைச் ‘சேபிள் மீன்’ என்றனர். இதற்கும் கருமென்மயிர் விலங்காகிய சேபிளுக்கும் தொடர்பில்லை. போர்ச்சுகீசியர் தம் நாட்டு ஆறுகளில் ஏறும் இதன் இனமீனைச் ‘சாவெல்’ என்பர். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயில் இவ்வாறு திரிந்தது. தம் நாட்டில் ஆறேறும் மீனைக் கண்டு பழகியவர் ஈண்டும் அதனை ஒத்ததைக் கண்டு அப்பெயரை இட்டனர். இவ்வொரு சொல்லே, இந்நாட்டுக் கரையில் இறங்கிய மேலைநாட்டார் இம்மீனின் இயல்பைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகின்றது.

இலிசு, புலச, பல்லா, உல்லம் என்பவற்றுள் லகரம் பொதுவாக நிற்றல் கண்டு இவை ஒருவேர்ச் சொற்கள் எனத் துணிதல் தகாது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண்டல் பல இடங்களில் வழுவாய் முடிந்துள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு கருத்திற் கொள்ளற்பாலது. கோதாவரிக் கரையில் ஆற்றுமீனுக்கெனத் தனிப்பெயர் இன்றும் உயிரோடு நிற்கின்றது. அங்கு மீனும் இன்றளவும் ஏறுகின்றது. கொள்ளிடக் கரையிலோ உல்லம் என்பது கடற்கரை மீன்சந்தையின் சொல்லாகவே எஞ்சியது. பொருள் மறையுங்கால் சொல்லும் அதனோடு இடம்பெயர்கின்றது.

5. பழைய இலக்கியமும் சாசனமும்

சங்க நூல்களில் அயிரை, ஆரல், இறவு, கயல், கெண்டை, கெடிறு, சுறா, வரால், வாளை முதலிய மீன்கள் பயில்கின்றன. இவற்றுட் பெரும்பாலன மருதத்துக்கோ நெய்தலுக்கோ உரியனவாகப் பாடப்படுவன. உல்லமோ இருநிலத்துக்கும் உரியது. நெய்தலிற் பிறந்த வாழ்வு மருதத்திற் சென்று கருவுயிர்த்து மீள்கின்றது. இலக்கண நூலார் கூறும் திணைமயக்கத்திற்கு உயிரியல் தரும் நல்லதோர் எடுத்துக்காட்டு இதுவேயாகும்.

கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படை, காவிரி நாட்டில் ஒரு நிலத்து மக்கள் தம் பண்டங்களை மற்றொரு நிலத்தார்க்கு மாறி வாழ்ந்த நிலையை விரித்துரைக்கின்றது. மலைப்பொருளும் கடற்பொருளும் ஆண்டுக் கைம்மாறின. பட்டினப்பாலையும் ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் புகார்முகத்தையும், ஆண்டு வாழ்ந்த பரதவரின் வழிபாட்டையும் காட்டுகின்றது. இந்நூல்கள் உல்லத்தைப் பெயர்சுட்டிக் கூறுவன எனக் கொள்ளவேண்டுவதில்லை. ஆற்றையும் கடலையும் இணைந்த ஒரே வாழ்நிலமாகக் கண்ட நோக்கு அவற்றில் உண்டு என்பதே ஈண்டு வேண்டப்படுவது. பிற்காலப் பொறியியல் நோக்கில் அவ்விணைப்பே முதற்கண் மறக்கப்பட்டது.

இடைக்காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் வருவாய்ப் பெயர்கள் வருகின்றன. ஏரியின் மீனைக் குத்தகைக்கு விட்டுப் பெறும் பொருளை அவ்வேரியைத் தூர்வாரவும் கரை உயர்த்தவும் செலவிட்ட செய்திகள் பல உள. மீனும் நீர்நிலையின் பயனே என்றும், அப்பயன் நீர்நிலையைக் காத்தற்கே திரும்பல் வேண்டும் என்றும் ஊரவையார் கருதினர். நீரின் வரவுசெலவுக் கணக்கில் மீனுக்கும் ஒரு வரி இருந்தது. இக்கருத்தினை மனத்திற்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் அணைகளை நோக்குவோம்.

6. மேலணையும் கீழணையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்கிளையாகிய காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. நீர் தாழ்ந்த படுகையுடைய கொள்ளிடத்தை நோக்கி ஓடியமையின் தஞ்சை நாட்டுப் பாசனம் ஆண்டுக்காண்டு இடருற்றது. இவ்விடரை நீக்க ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் இரண்டு அணைகளை வகுத்தார். 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், அதற்கு அறுபது மைலுக்கு மேற்பட்ட தொலைவில் கிழக்கே அணைக்கரையிற் கீழணையும் எழுந்தன. மேலணை நீரைத் தென்கிளைக்குத் திருப்பிற்று. கீழணை கொள்ளிடத்தில் எஞ்சி வரும் நீரைத் தேக்கி, வடகரையில் வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கும், தென்கரை வயல்களுக்கும் ஈந்தது.

பாசன வரலாற்றில் இச்செயல் பெரும்புகழுக்கு உரியது. தஞ்சையும் திருச்சிராப்பள்ளியும் தென்னார்க்காடும் இதனாற் பெற்ற பயனை மறுப்பார் இலர். ஆயினும் மீனின் நிலையிலிருந்து நோக்கின் நிகழ்ந்தது யாது? கீழணை எழுமுன் கடல்முகத்திலிருந்து முக்கொம்புவரை கொள்ளிடத்தின் குறுக்கே தடையொன்றும் இல்லை. புதுவெள்ளத்தில் ஏறும் மீனுக்குத் திருவரங்கத்தின் வடகரையும், அதற்கு எதிரே மண்ணச்சநல்லூர்ப் பகுதியின் கரையும், அவற்றிற்கு அப்பால் மேல்காவிரியும் திறந்த வழியாகவே இருந்தன. கல்லணை தென்கிளையைச் சார்ந்ததாதலின் இவ்வழியை அடைக்கவில்லை. கீழணை எழுந்தபின் அவ்வழியின் குறுக்கே கற்சுவர் ஒன்று நின்றது. உல்லம் தாவி ஏறும் மீனன்று. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி ஏறும் மீன். அணைக்கு மேலும் கீழும் நீர்மட்டம் ஏறக்குறைய ஒத்து நிற்கும் பெருவெள்ள நாள்களில் அன்றி, ஏனைய நாள்களில் அது அணையடியில் நின்றுவிட்டது.

அவ்வாறு நின்றமையால் ஒரு புதிய மீன்பிடி தோன்றிற்று. நெடிய ஆறு முழுதும் பரவிச் சென்றிருக்க வேண்டிய மீன்கூட்டம் ஓரிடத்தில் அடர்ந்து திரண்டது. வலைவீசுவார்க்கு இதனினும் எளிய வாய்ப்பு வேறில்லை. உள்நாட்டு மீன்தொழிலுக்கு உரியவரான செம்படவர் முதலாயினோர் பருவந்தோறும் ஆண்டுக் கூடினர். கீழணை தமிழகத்து உல்ல மீன்பிடியின் பெயர்பெற்ற களமாயிற்று. இவ்வளம் உண்மையில் வளமன்று. மேலாற்று ஊர்களின் பங்கும், ஈனவேண்டிய மீனின் எதிர்காலமும் ஓரிடத்திற் குவிந்து கிடந்த தோற்றமே ஆகும். அணையடி மீன்பிடியைக் கண்டு மீன் பெருகிற்று என எண்ணுதல், வாயில் அடைபட்டு வெளியே நிற்கும் கூட்டத்தைக் கண்டு ஊரில் மக்கள் பெருகினர் என எண்ணுதலை ஒக்கும்.

7. காட்டனின் எச்சரிக்கையும் டேயின் ஆய்வும்

இவ்வரலாற்றில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அணைகள் மீனுக்குத் தீங்காகலாம் என்பதை ஆட்சியாளர் கவனத்திற்குக் கொணர்ந்தவர் அவ்வணைகளை வகுத்த காட்டனே ஆவர். 1867-இல், பேராறுகளின் குறுக்கே எழுப்பப்பெற்ற பாசன அணைகள் ஈனுதற்பொருட்டு ஏறும் மீன்களைத் தடுத்துக் கடற்கரை மீன்வளத்தையும் குன்றச்செய்யக்கூடும் என அவர் இந்தியச் செயலருக்கு எழுதினார். தாம் கட்டியது முழுநன்மை என்றே கொள்ளாது, அதன் குறையையும் முப்பது ஆண்டு கழித்து எண்ணிப்பார்த்த அவரது நேர்மை போற்றத்தக்கது. அவர் கூற்றில் அடங்கிய உண்மை இன்னும் ஆழமானது. ஆற்றில் எழுந்த தடையின் விளைவு ஆற்றோடு நில்லாது கடல்வரை செல்லும் என்பதே அது.

இதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாண மருத்துவத் துறையினரான பிரான்சிசு டே 1868-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்திய மீன்வளத்தை ஆராயப் பணிக்கப்பெற்றார். இந்தியா, பருமா ஆகியவற்றின் நன்னீர் மீன்களைப் பற்றிய அவரது அறிக்கை 1873-இல் வெளிவந்தது. மீன்வழி அமைக்காத அணைகள், அணையடியில் ஈனும் மீனைக் கொன்று குவித்தல், சிறுகண் வலைகளாற் குஞ்சுகளை அழித்தல் ஆகியன மீன்வளத்தைச் சிதைப்பதாக அவர் எடுத்துரைத்தார். அணைகளில் மீன் ஏறும் வழி விடவேண்டும் என்பதும், அணையை அடுத்த பகுதியில் மீன்பிடித்தலை வரையறுக்க வேண்டும் என்பதும் அவர் வற்புறுத்தியவை.

இக்கருத்துகள் உடனே செயலாயின எனக் கூறுதற்கில்லை. 1897-இல் இயற்றப்பெற்ற இந்திய மீன்வளச் சட்டம் வெடியிட்டும் நஞ்சிட்டும் மீன்பிடித்தலைத் தடைசெய்தது. அஃது ஏழை மீனவன் கைச்செயலைக் கட்டுப்படுத்திற்று. ஆற்றின் குறுக்கே நின்ற கற்சுவர் அவ்வாறே நின்றது. குற்றம் எளியவன்மேல் எளிதில் ஏறும். அமைப்பின்மேல் ஏறுதல் அரிது என்னும் உலகியல் ஈண்டும் விளங்குகின்றது.

8. மீன்வழியும் பொரிப்பு முயற்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியாற் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை உருப்பெற்றது. 1905-இல் தொடங்கிய அவரது ஆய்வு, 1907-இல் தனிச்செயலகம் அமைதற்கு வழிவகுத்தது. இத்துறை மேற்கொண்ட முதற்பணிகளுள் ஒன்று கொள்ளிடத்து உல்லத்தை மீட்டல். 1909-ஐ ஒட்டிக் கீழணையில் மீன்வழி ஒன்று அமைக்கப்பெற்றது. அதே காலத்தில் எச். சி. வில்சன் என்பார் பிடிபட்ட மீன்களினின்று முட்டையும் விந்தும் எடுத்துக் கலந்து, குஞ்சு பொரிப்பிக்கும் முயற்சியை ஆண்டுத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகை முயற்சிகளுள் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. பின்னர் மாகாண மீன்வளத்துறையின் தலைமையை ஏற்ற சுந்தரராசு, உல்லத்தின் பழக்கங்களையும் கொள்ளிடத்தில் நிகழ்ந்த செயற்கைப் பொரிப்பையும் பற்றி 1917-இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

மீன்வழி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காரணம் வெளிப்படை. ஐரோப்பிய ஆறுகளில் ஏறும் சால்மன் மீன் அருவியையும் தாவிக் கடக்க வல்லது. படிப்படியாக அமைந்த நீர்த்தொட்டிகள் அதற்குப் போதும். உல்லம் அத்தகைய ஆற்றல் உடையதன்று. ஒரு நாட்டு மீனின் இயல்பை அளவுகோலாகக் கொண்ட அமைப்பு, வேறொரு நாட்டு மீனுக்குப் பொருந்தாது போதல் இயல்பே. பொரிப்பு முயற்சியும் இடர்ப்பாடு உடையது. முட்டையிடும் தறுவாயிலுள்ள ஆணும் பெண்ணும் ஒருங்கே கிடைத்தல் வேண்டும். வலையிலகப்பட்ட உல்லம் விரைவில் இறந்துபடும். வெள்ளம் வரும் நாளும் உறுதியன்று. ஆண்டிற்குச் சில நாள்களே வாய்க்கும் இப்பணி, ஆறு தானே செய்து வந்ததற்கு ஈடாகவில்லை.

எனினும் இம்முயற்சிகளை வீண் எனத் தள்ளுதல் நேர்மையன்று. உல்லத்தின் முட்டை, குஞ்சு, வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றிய அறிவு கொள்ளிடக் கரையிற் பெற்ற பட்டறிவால் விளக்கமுற்றது. பிற்காலத்தில் வங்கத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளுக்கு இவை முன்னோடியாயின. தமிழ்நாட்டாற்றின் மீன் கற்பித்த பாடம் பிறநாட்டாற்றின் மீனுக்குப் பயன்பட்டது.

9. மேட்டூர் அணையும் வெள்ளத்தின் மறைவும்

கீழணை வழியைத் தடுத்தது, வெள்ளத்தைத் தடுக்கவில்லை. ஆண்டுதோறும் ஆடித்திங்களிற் செந்நீர் கொள்ளிடம் நிறைந்து கடலிற் பாய்ந்தது. அதன் சுவை அறிந்து மீன் ஏறிற்று. ஈனுதற்குக் கீழணைக்குக் கிழக்கே உள்ள ஆற்றுப்பகுதியேனும் எஞ்சியிருந்தது. அவ்வெள்ளமே குன்றத் தொடங்கியது மேட்டூர் அணையாலாகும். 1925-இல் தொடங்கிய அப்பணி 1934-இல் நிறைவெய்திற்று. 120 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் அவ்வணையின் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மைசூர் நாட்டிற் கிருட்டினராச சாகரம் எழுந்திருந்தது.

1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் காவிரி கண்ட பெருவெள்ளம் மக்கள் நினைவில் நெடுங்காலம் நின்றது. அத்தகைய அழிவினின்று நாட்டைக் காத்தலும், நீரைச் சேமித்துப் பருவம் பிழையாது வழங்குதலும் மேட்டூர் அணையின் பயன்கள். ஆனால் இப்பயன்களின் மறுபுறம் யாதெனின், ஆனி ஆடித் திங்கள்களின் முதல்வெள்ளம் நீர்த்தேக்கத்தில் அடங்கிவிட்டமையே. அணை நிரம்பி வழிந்தாலன்றிக் கொள்ளிடத்தில் நீர் மிகுதியாக விடப்படுவதில்லை. உழவர் எதிர்நோக்கும் நீர் முக்கொம்பில் தென்கிளைக்கே திருப்பப்பட்டது. கடலுக்கு வெள்ளத்தின் அழைப்பு எட்டாத ஆண்டுகள் மிகுந்தன. 1934-க்குப் பின் காவிரி உல்ல மீன்பிடி வீழ்ந்தது என மீன்வள ஆராய்ச்சியாளர் கூறுவதன் காரணம் இதுவேயாகும்.

இக்கேடு ஒரு மீனளவில் நிற்பதன்று. விலாங்கு ஆற்றில் வளர்ந்து ஈனுதற்குக் கடல் நோக்கிச் செல்வது. உல்லத்தின் வழிக்கு நேர்மாறான வழி அதனுடையது. காவிரியின் பெரிய ஆற்றிறாலும் குஞ்சுப் பருவத்தில் உவர்நீரை வேண்டுவது. அதன் சிற்றிறால்கள் கீழணையடியிற் கூடி மேலேற முயல்தலை ஆய்வாளர் ஆராய்ந்துள்ளனர். ஆறும் கடலும் இணைந்திருந்தாலன்றி இவற்றின் வாழ்வு நிறைவுறாது. உல்லம் இவ்வினங்கள் அனைத்திற்கும் முன்னின்று சான்று கூறும் ஒன்று.

10. பிற ஆறுகளோடு ஒப்பீடு

கோதாவரியின்மேல் தவளேசுவரத்தில் அணை எழுப்பியவரும் காட்டனே. அப்பணி 1847-இல் தொடங்கி 1852-இல் முடிவுற்றது. ஆண்டும் மீன்வழி தடைப்பட்டது. ஆயினும் இன்றளவும் ஆடி, ஆவணித் திங்கள்களிற் புலச மீன் அணைக்குக் கீழ்ப்பகுதியில் ஏறி வருகின்றது. தாலியை விற்றேனும் அதனை உண்ணல் வேண்டும் என்னும் வழக்குரை அந்நாட்டில் உண்டு. ஒருவர் கட்டிய இரண்டு அணைகள். ஓரிடத்தில் மீன் எஞ்சிற்று, மற்றோரிடத்தில் அருகிற்று. வேறுபாட்டிற்குக் காரணம் வெள்ளமே. கோதாவரியின் பருவவெள்ளம் பெரும்பகுதி இன்றும் கடலை அடைகின்றது. காவிரியின் வெள்ளம் அடைவதில்லை. ஆதலின் அணை ஒன்றே மீனை அழிப்பதன்று, வெள்ளத்தின் இழப்பே இறுதி அடி என்பது இவ்வொப்பீட்டாற் பெறப்படும் முடிபு.

கங்கை இதற்கு மறுதலையான சான்று தருகின்றது. முற்காலத்தில் இல்சா அலகாபாத்திற்கும் அப்பால் ஏறிச் சென்றது. 1975-இல் பரக்கா அணை செயற்படத் தொடங்கியபின் மேற்பகுதி மீன்பிடி வீழ்ந்தது. அண்மை ஆண்டுகளில் மீனைப் பிடித்து அணைக்கு மேலே கொண்டு விடும் பணி ஆண்டு மேற்கொள்ளப்பெற்றுள்ளது. வங்காளதேசம் ஈனும் பருவத்தில் மீன்பிடியைத் தடைசெய்தும், அக்காலத்தில் மீனவர்க்கு உணவுப்பொருள் வழங்கியும் தன் நாட்டு மீனைக் காக்க முயல்கின்றது. மீனுக்காக ஓர் அரசு திட்டம் வகுத்தல் இயலும் என்பதற்கு இவை சான்று.

11. அண்மைக்கால நிகழ்வுகள்

2018-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் மேட்டூர் நிரம்பி வழியக் கொள்ளிடம் மீண்டும் தன் பழைய பேருருவைக் காட்டிற்று. அவ்வெள்ளத்தில் திருவரங்கத் தீவையும் வடகரையையும் இணைத்த, 1928-இல் எழுந்த பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. ஆகத்து 22-ஆம் நாளில் முக்கொம்பு மேலணையின் கதவுகளுள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. மண்ணச்சநல்லூர்ப் பக்கத்தாரும் திருவரங்கத்தாரும் கரைகளில் திரண்டு நின்று நோக்கியது, அவர்தம் முன்னோர் ஆண்டுதோறும் கண்ட காட்சியே. முன்னோர்க்கு அது பருவம். இவர்க்கு அது பேரிடர். ஒரு நிகழ்ச்சி பருவம் என்னும் பெயரிழந்து பேரிடர் என்னும் பெயர் பெறுதற்கு இடைப்பட்ட காலம் நூறாண்டிற்கும் குறைவே.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழற் பாதுகாப்பிற்கென 10 ஆயிரம் மில்லியன் கன அடியும், தவிர்க்கவொண்ணாது கடலிற் சேர்வதற்கென 4 ஆயிரம் மில்லியன் கன அடியும் ஒதுக்கப்பெற்றன. ஆற்றிற்கென்றே நீரிற் பங்கு உண்டு என ஒப்புக்கொண்ட வகையில் இஃது ஒரு திருப்பம். கடலிற் கலக்கும் நீர் வீணே என்னும் கருத்து பொதுமக்களிடையும் அறிஞரிடையும் ஆழ வேரூன்றியுள்ளது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் உவர்நீர் ஏறுதலைத் தடுத்தற்பொருட்டு ஆதனூருக்கும் குமாரமங்கலத்திற்கும் இடையே கதவணை ஒன்று 2014-இல் அறிவிக்கப்பெற்றுப் பின்னர்க் கட்டப்பெற்றது. வெள்ளம் குன்றினமையால் உவர்நீர் ஏறிற்று. உவர்நீரைத் தடுக்க மற்றோர் அணை வேண்டியதாயிற்று. கடலுக்குச் சென்ற நீர் வீணாகவில்லை, கடலை அதன் எல்லையில் நிறுத்தி வைத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

12. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன வருமாறு. கொள்ளிடம் கடல்மீன் உள்நாடு புகும் பெருவழியாக இருந்தது. 1836-ஐ ஒட்டி எழுந்த கீழணை அவ்வழியைத் தடுத்து, மீன்பிடியை ஓரிடத்திற் குவித்தது. 1867 முதல் 1917 வரை இத்தீங்கு உணரப்பட்டு, மீன்வழியும் பொரிப்பும் முயலப்பட்டன. அவை பயன் தந்தில. 1934-இல் மேட்டூர் அணை முதல்வெள்ளத்தைக் கொண்டமையின், எஞ்சியிருந்த மீன்பிடியும் வீழ்ந்தது.

அணைகள் வேண்டா என்பது இவ்வாராய்ச்சியின் முடிபன்று. மண்ணச்சநல்லூர் ஆலைகளில் அரைபடும் நெல்லை உண்டு வாழும் நாம் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. நன்மையைக் கணக்கிடுங்கால் இழப்பையும் உடன்வைத்துக் கணக்கிடல் வேண்டும் என்பதே கருத்து. ஏரி மீனின் வருவாயை ஏரிக்கே செலவிட்ட பழைய ஊரவையார் அக்கணக்கை அறிந்திருந்தனர். அணையைக் கட்டிய காட்டனும் பிற்காலத்தில் அதனை உணர்ந்தார். நாமோ அவ்விழப்பை வரலாற்றில் எழுதவும் மறந்தோம். இழந்தது இன்னது என அறியாதார் மீட்டற்கு முயலார். கீழணைப் பகுதியிலும் பழையாற்றுக் கழிமுகத்திலும் வாழும் முதிய மீனவரிடம் இம்மீன் பற்றிய சொற்களும் பருவக்குறிகளும் வலைப்பெயர்களும் எஞ்சியிருத்தல் கூடும். அவற்றைத் தொகுத்தல் தமிழாராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். காலம் தாழ்ப்பின், மீனைப்போலவே அச்சொற்களும் மறைந்துவிடும்.